புகார் குறைந்தால் கொடுமை குறைந்ததாகுமா?



சென்ற கமிட்டிக் கூட்டத்தில், தேநீர் வரும் வேளையில், பெரியவர் ஒருவர் ஒரு பிரஸ்தாபம் செய்தார். வீட்டிற்குள் பெண்களை அடித்து வதைப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது, ஆஸ்பத்திரியில் தனி அறை வந்தது, டெலிபோன் எண் வந்தது, ஐக்கிய நாடுகள் சபைகூடத் திட்டம் போட்டுப் பல தேசங்களில் நடத்திற்று. பலன் என்ன? இந்த மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு போலீசில் பதிவான குடும்ப வன்முறை ரிப்போர்ட்டுகள் 5,260. மறு ஆண்டு 7,468. மருந்து கொடுக்கக் கொடுக்க நோய் ஏறுமானால் அது என்ன மருந்து என்று கேட்டார். அதோடு நில்லாமல், "நமது சங்கத்தைப் பாருங்கள். ஆறு வருஷமாய் இந்த வகையில் ஒரு மனுக்கூட வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், நம்மவர் வீடுகள் ஒழுங்காயிருக்கின்றன" என்றும் சொன்னார்.

பலர் தலையை ஆட்டினார்கள். நாமும் ஆட்டினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அன்றிரவு கடையை அடைத்துவிட்டுக் கல்லாவை எண்ணும்போது அந்த வார்த்தை நெஞ்சில் உறுத்திற்று. ஆறு வருஷமாய் மனு வராததன் காரணம் நமக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்லுகிறோம். முதலில் பெரியவரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அது அற்பமான கேள்வியல்ல. கொடுமையைத் தடுக்கும் வேலை பலித்ததா இல்லையா என்று எதைக்கொண்டு நிறுப்பது? தடுத்தது என்றால் ஒரு காரியம் நடக்கவில்லை என்று பொருள். நடவாத காரியத்திற்குப் பேரேட்டில் எந்தப் பத்தியில் வரவு வைப்பது?

வியாபாரிக்கு இது அறவே விளங்காத சங்கதியல்ல. ஆயர் குரோவில் இருபது வருஷமாய் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். அரிசியில் கல் இருக்கிறதென்று கல்லாவின் முன்னே வந்து சத்தம் போடுகிறவர் நமக்கு வேண்டியவர். அவர் மறுபடியும் வருவார். சத்தம் போடாமல் டோல் சாவடிப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறவரால்தான் நஷ்டம். அவர் போனதே நமக்குத் தெரியாது. வருஷக் கடைசியில் இருப்பெடுக்கும்போது சரக்கு தேங்கிக் கிடப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புகார் வராத கடை நல்ல கடை என்று எந்தத் தவுக்கேயும் நம்பமாட்டார். வீட்டு விஷயத்தில் மட்டும் நாம் அப்படி நம்பிக்கொண்டிருக்கிறோம்.

தாயகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். பிறகு அது தமிழ்நாடெங்கும் பரவிற்று, இந்தியாவின் வேறு மாநிலங்களுக்கும் போயிற்று. இப்படி நிலையம் திறந்த நகரங்களைப் பொருளாதார அறிஞர் சிலர் பின்னர் ஆராய்ந்தார்கள். பெண்கள் மீதான குற்றப் பதிவுகள் அங்கே கூடித்தான் இருந்தன. பெரியவர் கணக்குப்படி பார்த்தால் நிலையத்தை இழுத்து மூடியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் இன்னும் இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று, மறைக்க முடியாத மரணக் கணக்கு. மற்றொன்று, போலீசுக்குப் போகாமல் பெண்கள் வீட்டிலேயே தனியாகச் சொன்ன அடிதடிக் கணக்கு. அவை இரண்டும் மாறவில்லை. ஆகக் கூடியது கொடுமையல்ல, வாசலைத் தேடி வந்து வாய் திறந்தவர்களின் தொகை. காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்றதும் சொல்லத் துணிந்தார்கள்.

இதைக்கொண்டு ரிப்போர்ட்டு கூடினாலே நல்லது நடக்கிறதென்று துள்ளவும் கூடாது. அப்படிச் சொல்லுகிறவர்களையும் கண்டிருக்கிறோம். மேலே சொன்ன 2020, 2021 ஆண்டுகள் நோய்த்தொற்றுக் காலம். 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. கணவனும் மனைவியும் நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். பலருக்கு வருமானமில்லை. அடி உண்மையாகவே கூடியிருக்கலாம். சொல்லத் துணிந்தவர்களும் கூடியிருக்கலாம். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். போலீஸ் தொகை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பிரிக்க இயலாது. (அந்த மாதக் கடைசியில் அரசாங்க மகளிர் இலாகா வெளியிட்ட விளம்பரப் படமொன்று ஞாபகமிருக்கலாம். கணவரை நச்சரிக்காமல், டோரேமோன் என்ற கார்ட்டூன் பொம்மையின் குரலில் பேசும்படி மனைவிமாருக்கு யோசனை சொல்லியிருந்தது. ஊர் சிரித்தது, இலாகா மன்னிப்புக் கேட்டது. வீட்டில் சண்டை வந்தால் திருந்த வேண்டியவள் மனைவிதான் என்று மெத்தப் படித்தவர்களும் எண்ணியிருந்தார்கள் என்பதற்காக இதைச் சொன்னோம்.)

உலக சுகாதார ஸ்தாபனம் பத்துத் தேசங்களில் சுமார் 24,000 பெண்களைக் கேட்டு 2005-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கணவனிடம் அடிபட்ட பெண்களில் போலீசையோ, ஆஸ்பத்திரியையோ, சங்கங்களையோ ஒருபோதும் நாடாதவர்கள் இடத்துக்கு இடம் 55 முதல் 95 சதவீதம். கேட்க வந்த பெண்ணிடம்தான் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்னோம் என்றவர்களும் அனேகர். அப்படியானால் போலீஸ் புத்தகம் மூட்டையிலிருந்து சிந்திய நாலு மணி. மூட்டையின் எடையை அதைக்கொண்டு எவர் சொல்லக்கூடும்?

இனி, பெரியவர் குறிப்பிட்ட அந்த ஐ.நா. திட்டம். 2008-ல் ஐக்கிய நாடுகள் சபையின் நான்கு கிளைகள் சேர்ந்து ஆசிய பசிபிக் தேசங்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. 'பார்ட்னர்ஸ் ஃபார் பிரிவென்ஷன்' என்று பெயர். கொடுமை நடந்தபின் ஓடிவருவதை விட, நடக்குமுன் தடுப்பதே அதன் நோக்கம். அவர்கள் செய்த புது வேலை யாதெனில், பெண்களோடு ஆண்களையும் கேட்டார்கள். வங்காள தேசம், கம்போடியா, சீனா, இந்தோனேசியா, பாப்புவா நியூகினி, இலங்கை ஆகிய ஆறு தேசங்களில் பதினாயிரம் ஆண்களுக்கு மேல் விசாரித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இலங்கையில் தெரிந்தெடுத்த நான்கு மாவட்டங்களில் மட்டக்களப்பும் நுவரெலியாவும் சேர்ந்தவை. நுவரெலியா என்றால் தேயிலைத் தோட்டம், லயத்து வீடு, தமிழ்ச் சனம். மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களில் நாம் கண்ட அதே வாழ்க்கை.

ஆண்பிள்ளை தான் செய்த தப்பை ஒப்புக்கொள்வானா என்று நீங்கள் கேட்பீர்கள். நாமும் கேட்டோம். கூச்சமான கேள்விகளுக்கு வரும்போது ஒரு சிறு கருவியை அவன் கையிலேயே கொடுத்துவிடுவார்களாம். கேள்வி அதில் வரும், பதிலை அவனே அமுக்குவான். எதிரில் இருப்பவருக்கு அவன் என்ன சொன்னான் என்பது தெரியாது. "கற்பழித்தாயா" என்று குற்றத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதுமில்லை. நடந்த காரியத்தை மட்டும் கேட்பார்கள். மனைவியையோ துணைவியையோ அடித்ததாகவோ, பலவந்தம் செய்ததாகவோ ஆறு தேசத்திலும் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். இலங்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இந்தத் தொகையை விட அதன் ஏற்றத்தாழ்வுதான் நம்மை யோசிக்க வைத்தது. ஓரிடத்தில் 26 சதவீதம், மற்றோரிடத்தில் 80 சதவீதம். ஆணின் சுபாவம் அப்படி, ரத்தம் அப்படி என்று சொல்வார்களே, சுபாவமாயிருந்தால் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவாகவன்றோ இருக்க வேண்டும்? பசியும் தூக்கமும் ஊருக்கு ஊர் மூன்று பங்கு வித்தியாசப்படுவதில்லை. வித்தியாசப்படுவது பழக்கம். சிறு வயதில் அடிபட்டவனும், தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்தவனும் பின்னாளில் கைநீட்டுவது அதிகம் என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரியவந்தது. பழகியது என்றால் பழகாமலும் இருக்க முடியும். தடுக்கலாம் என்று நம்புவதற்கு நியாயம் அங்கேதான் கிடைக்கிறது.

இன்னொன்று. நம்மவர் எடுத்ததற்கெல்லாம் சம்சுவையும் பீரையும் குற்றம் சொல்லுவார்கள். தோட்டத்துக் குடிகாரன் அடிப்பான், நாம் குடிப்பதில்லை, ஆகவே நாம் அடிப்பதில்லை என்று ஒரு தர்க்கம். குடி கெடுதல்தான், அதனால் அடி கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் பெண்ணைப் பலவந்தம் செய்தவர்களை ஏன் செய்தாய் என்று கேட்டபோது மிக அதிகமானவர்கள் சொன்ன பதில், அது எனக்குள்ள உரிமை என்பதே. குடியைக் காரணமாய்ச் சொன்னவர்கள்தான் எல்லாரிலும் குறைவு. குடிக்காதவன் வீட்டிலும் அந்த 'உரிமை' இருக்கிறது, சகோதரர்களே. நாம் அதை நன்றாய் அறிவோம்.

சரி, இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தடுக்கவும் முடிந்ததா? இதற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. யுகாண்டா தேசத்துக் கம்பாலா நகரில் 'சாசா' என்றொரு வேலைத்திட்டம் நடந்தது. சுவாஹிலியில் 'இப்பொழுது' என்று அர்த்தம். வெளியூர் நிபுணர் மேடை போட்டுப் பிரசங்கம் செய்வதல்ல அதன் முறை. அந்தந்தப் பேட்டையில் உள்ள சாதாரண ஆணும் பெண்ணுமே அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பேசி மனத்தை மாற்றுவது. எட்டுப் பேட்டைகளை எடுத்து, சீட்டுப் போட்டதுபோல் நான்கில் முதலில் நடத்தினார்கள். நான்கைக் காத்திருக்கச் சொன்னார்கள். சில ஆண்டுகள் சென்றபின் பெண்களைக் கேட்டபோது, சென்ற ஓராண்டில் துணைவன் அடித்ததாகச் சொன்னவர்கள் வேலை நடந்த பேட்டைகளில் 52 சதவீதம் குறைவு. 2014-ல் இந்த முடிவு வெளிவந்தது.

படித்தபோது நமக்கு ஒரு முள் குத்திற்று. காத்திருந்த நான்கு பேட்டைகளில் அந்த ஆண்டுகளில் அடிபட்ட பெண்களுக்கு யார் பொறுப்பு? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டத்தைச் சும்மா விட்டு வைப்பது ஹக்குதானா? நாம் பல நாள் யோசித்தோம். பலிக்குமா என்று தெரியாத மருந்தை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் பலித்ததாகச் சொல்லிக்கொள்வதும் மோசடிதான். பிறகு அந்தப் பேட்டைகளுக்கும் வேலையைக் கொண்டுபோனார்கள் என்பது ஒரு சமாதானம். முழுச் சமாதானமா என்றால், இல்லை. ஆனால் சோதனை பார்க்காமல் பணத்தையும் காலத்தையும் வாரி இறைப்பவர்களால் அதைவிட அதிகம் பெண்கள் காத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

பலிக்காததைப் பலிக்கவில்லை என்று எழுதினவர்களும் உண்டு. ஆப்கானிஸ்தானத்தில் ஏழைப் பெண்களுக்குத் தொழிலும் கல்வியும் கற்றுக்கொடுத்து அதே மாதிரி சோதித்துப் பார்த்தார்கள். சம்பாத்தியமும் சேமிப்பும் கூடிற்று. கணவனின் அடி குறையவில்லை. மறைக்காமல் அச்சிட்டார்கள். இதைக் கண்டு நமக்கு வெட்கமாயிருந்தது. நஷ்டக் கணக்கு எழுதாத கடையை நாம் எவரும் நம்பி முதல் போடமாட்டோம். நமது சங்கத்தின் குடும்ப வழக்குப் புத்தகத்தில் ஒரு நஷ்டமாவது எழுதப்பட்டிருக்கிறதா?

அந்தப் புத்தகத்தை எழுதினவர்களில் நாமும் ஒருவர். ஆகவே சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரி கைக்குழந்தையோடு கமிட்டிக்கு வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. வழக்கப்படி அவரை வெளித் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே நாம் நாலுபேரும் அவர் வீட்டுக்காரரும் பேசினோம். அவர் மரியாதைப்பட்டவர், ஐவேளை தொழுகிறவர், சங்கத்துக்குச் சந்தா பாக்கி வைக்காதவர். "கோபத்தில் கை பட்டுவிட்டது நானா, இனிமேல் இல்லை" என்றார். தேநீர் குடித்தோம். துஆ ஓதினோம். சகோதரியைக் கூப்பிட்டு, "பொறுத்துப் போம்மா, குழந்தை முகத்தைப் பார்" என்று புத்திமதி சொல்லி அனுப்பினோம். புத்தகத்தில் 'ஸுலுஹு ஆயிற்று' என்று எழுதினது இந்தக் கை. அந்த வருஷத்து மகாசபையில், வந்த வழக்கு ஒன்பது, சமாதானமானது ஒன்பது என்று படித்தோம். கைதட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து நம் வீட்டார் சொல்லித்தான் தெரிந்தது. கமிட்டிக்குப் போய் மானத்தை வாங்கினாய் என்று அன்றிரவே அந்தச் சகோதரிக்கு முன்னிலும் அதிக அடி. அந்தச் செய்தி ஜமாஅத்துப் பெண்களுக்கெல்லாம் தெரியும், ஆண்களாகிய நமக்குத்தான் தெரியாது. அதன்பின் எந்தப் பெண்ணும் வரவில்லை. ஆறு வருஷ மௌனத்தின் வரலாறு இதுதான். அவர் அந்த நாட்களில் நம் கடையில் கோடாலித் தைலம் வாங்குவார். மாதத்துக்கு இரண்டு புட்டி, மூன்று புட்டி. கடன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம். அதுவும் ஒரு கணக்குத்தான். அதைப் படிக்கத் தோன்றவில்லை.

"இதையெல்லாம் வெளியே பேசலாமா, வீட்டுக் குறையை மறைப்பதல்லவா நம் மார்க்கம்" என்று சொல்பவர்கள் உண்டு. தன் குறையையும் பிறர் குறையையும் தெருவில் பரப்பக்கூடாது என்பது மெய். ஆனால் அடிபட்டவர் தன் முறையீட்டைச் சொல்வது குறை பரப்புவதாகாது. இந்த நாட்டிலும் அந்தத் தகராறு நடந்தது. பெண்கள் சங்கங்கள் பல 1985 முதல் ஒன்றுகூடிக் கேட்டதன்பேரில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறிற்று. முஸ்லிம் குடும்ப விவகாரம் ஷரீஅத்தைச் சேர்ந்தது, அதற்குள் இந்தச் சட்டம் வரலாமா என்ற வாதத்தில் அது கிடப்பில் கிடந்து, 1996 ஜூன் 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அடிப்பது குற்றம், குற்றத்துக்கு மதபேதமில்லை என்று தண்டனைச் சட்டத்தோடு அதை இணைத்துத் தீர்த்தார்கள். அத்தாவின் கடையில் நாம் உட்காரத் தொடங்கிய காலம் அது. சர்க்கார் படுக்கையறைக்கு வந்துவிட்டது என்று கடைவாசலில் பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் இருக்கிறது. 2018 முதல் சமூகநல அதிகாரியே, கோர்ட்டுக்குப் போகாமல், ஏழு நாளைக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். படுக்கையறைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

நான்காம் சூராவின் அந்த வசனத்துக்கு விளக்கம் சொல்ல நாம் ஆளல்ல, உலமாக்கள் சொல்லட்டும். ரசூலுல்லாஹ் அவர்கள் தம் மனைவியர் எவர் மேலும் கை ஓங்கியதில்லை என்பது மட்டும் மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். ஸூரத்துல் முதஃப்பிஃபீனில் கண்டிக்கப்படுகிறவர்கள் யார் என்பதும் தெரியும். தனக்கு வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு, கொடுக்கும்போது குறைத்து அளக்கிறவர்கள். வியாபாரிகளான நாம் எடைக்கல்லை வருஷந்தோறும் அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்குகிறோம். நம் கல்லுக்கு நாமே முத்திரை போட்டுக்கொள்ள விடுவதில்லை. குடும்ப வழக்குப் புத்தகத்தில் மட்டும் கல்லும் நம்முடையது, தராசும் நம்முடையது, சரக்கும் நம்முடையது.

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் என்ற பெண்மணி, ஜமாஅத்து வழக்குகளில் பெண்ணை உள்ளே விடாமல் தீர்ப்புச் சொல்வதைக் கண்டு, பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தே ஆரம்பித்தார். அப்பொழுது நம்மில் பலர் அவரை ஏசினோம். அவர் கோரிக்கைகள் எல்லாவற்றையும் இன்றும் நாம் ஒப்பவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதினால் அது எப்படித் தெரிந்துகொண்ட தீர்ப்பாகும் என்ற அவர் கேள்விக்குப் பதிலும் நம்மிடம் இல்லை.

வருகிற மகாசபையில் நாம் கொண்டுவர இருக்கும் பிரேரணை இது. கமிட்டியின் குடும்ப விவகாரங்களில் பெண்கள் மூவர் உட்கார வேண்டும். மனு கொடுத்தவர் உள்ளே வந்து பேச வேண்டும். 'ஸுலுஹு' என்று எழுதியபின் மூன்று மாதத்திலும் ஒரு வருஷத்திலும் ஒரு பெண் போய், கணவர் இல்லாத நேரத்தில், தனியாக, நிலைமை எப்படியென்று அவரையே கேட்டு எழுத வேண்டும். ஆபத்து உண்டென்று தோன்றினால் எழுதாமலே திரும்ப வேண்டும். எண்ணிக்கையை விட அவர் பத்திரம் பெரிது. அடி நிற்கவில்லையென்றால் சமாதானம் பேசுவதை நிறுத்திவிட்டு 15999 எண்ணுக்கோ, சமூகநல இலாகாவுக்கோ, போலீசுக்கோ கூட்டிச் செல்ல வேண்டும். இப்படிச் செய்தால் அடுத்த ஆண்டறிக்கையில் வழக்குகள் கூடும், நஷ்டமும் எழுதவேண்டி வரும். அதைப் படிக்கும் காரியதரிசிக்குக் கைதட்டு கிடைக்காது.

இதைப்பற்றி நம் வீட்டாரிடம் பேசினோம். அந்தச் சகோதரியிடம் போய்க் கேட்டுவர முடியுமா என்றோம். "இப்பொழுதா நினைவு வந்தது?" என்று கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போவதாகச் சொல்லியிருக்கிறார். பிரேரணையை ஆட்சேபிக்கும் அன்பர்கள் தங்கள் காரணங்களை மகாசபைக்கு முன்னதாகவே காரியதரிசிக்கு எழுதியனுப்பக் கோருகிறோம். ஆட்சேபணை எழுதுமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு, அதையும் சேர்த்து எழுதுவார்களானால் நலம்.